சாவியைத் தொடாதீங்க

முப்பத்தெட்டு லிட்டர் உள்ளே போய் முடிந்த பிறகுதான் பக்கத்துக் குழாயில் நின்றிருந்த சிமென்ட் லாரி டிரைவர் வாயைத் திறந்தார்.

“ஏம்மா, இது டீசல் வண்டி ஆச்சே? பெட்ரோலையா போட்டீங்க?”

அவள் கையில் இருந்த குழாயைப் பார்த்தாள். மெஷினில் எரிந்துகொண்டிருந்த எழுத்தைப் பார்த்தாள். மறுபடியும் குழாயைப் பார்த்தாள். நாமே போட்டுக்கொள்கிற பங்க்; அவள் எடுத்திருந்தது பெட்ரோல் குழாய்தான். அதில் சந்தேகமே இல்லை.

“இது டீசல் வண்டியா?”

“சத்தத்தக் கேட்டாலே தெரியுமே. நீங்க அந்தக் குழாய எடுக்கும்போதே நெனச்சேன்.”

“நெனச்சீங்கல்ல? அப்பவே சொல்லக் கூடாதா?”

“நீங்க காதுல மாட்டிக்கிட்டு யார்கிட்டயோ பேசிட்டு இருந்தீங்க. நடுவுல பேசுனா நல்லா இருக்காதுன்னு…”

அவள் பேசிக்கொண்டிருந்தது மாமியாரிடம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் இருந்த வீட்டுச் செருப்பில் ஒன்று காணவில்லை, நர்சு யாரோ தள்ளிவிட்டுவிட்டாள், வரும்போது வேறு ஜோடி எடுத்து வா என்று பத்து நிமிடமாக ஒரே பேச்சு. அந்தப் பத்து நிமிடத்தில் கை தன் பாட்டுக்குப் பழகின குழாயை எடுத்திருக்கிறது. பதினோரு வருடமாகப் பெட்ரோல் காரே ஓட்டிய கை.

வண்டி அவளுடையது அல்ல. அவள் அத்தான் என்று கூப்பிடுகிற, கணவரின் அண்ணனுடையது. மாமியாருக்கு முழங்கால் மூட்டு மாற்றி ஆறு நாள் ஆகியிருந்தது. இன்று பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். அவளுடைய கார் தரையோடு தரையாகக் கிடக்கிற சின்னக் கார். அதில் ஏறவேண்டுமானால் முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து, ஒரு குட்டிக்கரணமே போட வேண்டும். அதனால் அத்தானின் உயரமான வண்டியைக் கேட்டு வாங்கினார்கள். கணவர் பள்ளிக்கூட வாத்தியார். பரீட்சை மேற்பார்வைக்குப் போய்விட்டார். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆக, எல்லாம் இவள் தலையில்.

அத்தான் லிஃப்ட் பரிசோதகர். ஊரில் உள்ள கட்டிடங்களின் லிஃப்டுகள் எல்லாம் அவர் கையெழுத்து இல்லாமல் ஏறாது, இறங்காது. வண்டியைக் கொடுப்பதற்கு முன் அவளுக்குப் போனில் பதினான்கு குறிப்புகள் அனுப்பியிருந்தார். கதவை அறையக் கூடாது. சீட்டை மூன்றாம் நிலைக்கு மேல் பின்னால் தள்ளக் கூடாது. முதலில் ஏசியை அணைத்துவிட்டுத்தான் இன்ஜினை அணைக்க வேண்டும். கண்ணாடியைக் காகிதத்தால் துடைக்கக் கூடாது. ஈரச் செருப்போடு ஏறக் கூடாது. பதினான்காவது குறிப்பு: திருப்பித் தரும்போது டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். எதனால் நிரம்பியிருக்க வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. டேங்க் மூடியிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அங்கே இருந்த ஸ்டிக்கர் அசிங்கமாக இருக்கிறதென்று அவர்தான் வாங்கிய புதிதில் சுரண்டி எடுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

திருப்பித் தரும்போது அவசரமாகிவிடும், போகும் வழியிலேயே போட்டுவிடலாம் என்று அவள் நினைத்தாள். நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள நினைத்ததற்குக் கிடைத்த பரிசு.

அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பதினெட்டு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறாள். மேசை மேல் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஒன்பது பொடி டப்பாக்கள், நான்கு திரவங்கள். ஒரு நாள்கூட மாற்றிக் கலந்ததில்லை. அந்தக் கை இதைச் செய்துவிட்டதே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. அவள் ஓட்டமாகக் கல்லாவுக்குப் போனாள். கல்லாவில் இருந்த பெண்மணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

“டீசல் வண்டியில பெட்ரோல் போட்டுட்டேன்.”

“ஸ்டார்ட் பண்ணீங்களா?”

“இல்ல.”

“பொழச்சீங்க.” ஊசியைச் சட்டையிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்தாள். “மாசத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க. போன மாசம் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரே வந்தாரு. சாவியத் தொடாதீங்க. சும்மா லைட் எரியிற வரைக்கும்கூடத் திருப்பக் கூடாது. திருப்புனா உள்ள இருக்கிற மோட்டார் பெட்ரோல இழுத்து இன்ஜினுக்கு அனுப்ப ஆரம்பிச்சிரும். அப்புறம் செலவு வேற மாதிரி. இப்ப டேங்க மட்டும் உறிஞ்சி எடுத்துட்டாப் போதும். அதுக்குன்னே ஒரு மெக்கானிக் இருக்காரு, கூப்பிடறேன்.”

“எவ்ளோ நேரம் ஆகும்?”

“ஒண்ணரை மணி நேரத்துல வந்துருவாரு. வண்டியத் தள்ளி ஓரமா நிறுத்துங்க.”

கல்லாப் பெண்மணியும் லாரி டிரைவரும் பின்னாலிருந்து தள்ள, அவள் ஜன்னல் வழியாகக் கை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். காற்று அடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு துளி நிழல் இல்லாத இடத்தில் வண்டி போய் நின்றது. லாரி டிரைவர் கையைத் தட்டிக்கொண்டு, “பேசுனா தப்பா எடுத்துப்பீங்களோன்னுதான்மா சொல்லல,” என்று மறுபடி ஒருமுறை விளக்கிவிட்டுப் போனார்.

முதல் போன் அத்தானிடமிருந்து வந்தது.

“என்னம்மா, வண்டி எப்படி ஓடுது?”

“இப்ப ஒண்ணும் பிரச்சனை இல்ல அத்தான்.” ஓடவில்லை, அதனால் பிரச்சனை இல்லை. பொய் சொன்னதாகாது.

“ஏசிய அணைச்சிட்டுத்தானே இன்ஜின அணைக்கிற?”

“அணைஞ்சுதான் அத்தான் இருக்கு.”

அடுத்த போன் மாமியாரிடமிருந்து.

“எங்க இருக்க? இங்க டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாம் குடுத்துட்டாங்க. கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்து வாசல்ல நிக்கிறா. நான் பையக் கட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கேன், ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி.”

“கொஞ்சம் லேட்டாகும் அத்தை. வழியில ஒரு சின்ன வேலை.”

“என்ன வேலை?”

“வந்து சொல்றேன்.”

மாமியாரை அங்கே தனியாக விட்டுவைக்க முடியாது. கொழுந்தனைக் கூப்பிட்டாள். கணவரின் தம்பி. வீட்டில் எல்லாரும் அவரை ‘இன்ஜினியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்; அவர் திரைச்சீலைக் கடையில் ஜன்னல் அளவெடுக்கிற வேலை பார்க்கிறார். மிக்சி கெட்டால் கழற்றுவார். கழற்றியதை மாட்ட வேறு ஆள் வர வேண்டும். இருந்தாலும் நல்ல மனுஷன், கூப்பிட்டால் வருவார். அதுதான் சிக்கலே.

“தம்பி, ஒரு டாக்சி பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி அத்தைகூட இருங்க. நான் வர ரெண்டு மணி நேரம் ஆகும்.” நடந்ததைச் சொன்னாள்.

“அய்யய்யோ, டீசல்ல பெட்ரோலா! அண்ணி, நீங்க பதறாதீங்க. நான் வந்துட்டேன்.”

“இங்க வராதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“சரி அண்ணி, சரி.”

இருபது நிமிடத்தில் டாக்சியிலிருந்து அவர் பெட்ரோல் பங்கில் இறங்கினார். இடுப்பில் அளவு நாடா.

“ஏன் தம்பி இங்க வந்தீங்க?”

“அம்மாவுக்கு என்ன அண்ணி, நர்சுங்க இருக்காங்க. இங்க உங்களுக்கு யார் இருக்கா?”

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். டயரை ஒரு உதை உதைத்தார். டயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை.

“முப்பத்தெட்டு லிட்டரா? முன்னாடி கொஞ்சம் டீசல் இருந்திருக்கும். மேல டீசல ஊத்தி ஒரு குலுக்கு குலுக்குனா கலந்துரும். எங்க கடை டெலிவரி வண்டிக்கு ஒரு தடவ அப்படித்தான் பண்ணாங்க.”

“அந்த வண்டி இப்ப எங்க இருக்கு?”

“அது… வித்துட்டாங்க.”

“தம்பி, மெக்கானிக் வந்துட்டு இருக்காரு. நாம எதுவும் செய்ய வேண்டாம். முக்கியமா சாவியத் தொடாதீங்க.”

“எனக்குத் தெரியாதா அண்ணி!”

அப்போது கல்லாப் பெண்மணி கை காட்டினாள். மெக்கானிக்குக்கு வண்டியின் விவரம் வேண்டும், பங்கின் பதிவேட்டிலும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவள் வண்டிக் கடுதாசியை எடுத்துக்கொண்டு போனாள். சாவி முன் சீட்டில் கிடந்தது. அதைக் கையோடு எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் வளர்ந்த மனிதர் ஒருவரிடம் தெளிவான தமிழில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோமே என்று நினைத்தாள்.

பதிவேட்டில் ‘யார் தவறு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு இன்ஜின் உறுமியது. யாரோ கிளம்புகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அந்த உறுமல் இருமலாக மாறியது. இருமல் விக்கலானது. கல்லாப் பெண்மணி ஜன்னல் பக்கம் திரும்பி, “உங்க வண்டிதான்,” என்றாள்.

அவள் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கிவிட்டது. கொழுந்தன் டிரைவர் சீட்டில் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல அண்ணி.”

“ஒண்ணும் பண்ணாமயா அது கத்துச்சு?”

“வெயிலு கொளுத்துது. ஏசி போடலாம்னு…”

கத்தலாம். கத்தினால் நிறுத்த முடியாது என்று தெரிந்தது. காற்று மெஷின் வரை நடந்து போனாள். அங்கிருந்து திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

“ஏசி,” என்றாள் திரும்பி வந்து.

“அண்ணனும் ஏசி பத்தி ஏதோ குறிப்பு அனுப்பியிருந்தாரே…”

“இறங்குங்க தம்பி. சாவியக் குடுங்க. அந்தக் கல்லா நிழல்ல போயி நில்லுங்க. எதையும் தொடாதீங்க. அந்தக் காத்து மெஷினக்கூடத் தொடாதீங்க.”

அவர் போய் நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட அவளுக்குத் தெம்பில்லை.

மாமியாரின் போன் மறுபடி வந்தது. அது அன்றைக்கு ஆறாவது போன். இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெட்ரோலையும் சொன்னாள், ஏசியையும் சொன்னாள்.

“அத்தை?”

“டாக்டர் எனக்கு மூட்டத்தான் மாத்தியிருக்காரு. மூளைய மாத்த வேண்டிய ஆளுங்க வெளியில சுத்திட்டு இருக்கீங்க.” போன் அணைந்தது.

மெக்கானிக் ஒரு மூடிய வேனில் வந்தார். உள்ளே பெரிய பிளாஸ்டிக் தொட்டி, பம்பு, சுருட்டி வைத்த குழாய்கள். ஐம்பது வயது இருக்கும். எதற்கும் அவசரப்படாத ஆள். கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்: “வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்களா?”

“இல்ல சார்,” என்று நிழலிலிருந்து கொழுந்தன் முந்திக்கொண்டு சொன்னார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஸ்டார்ட் பண்ணவில்லை என்று நம்பினால் மெக்கானிக் டேங்க்கை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடுவார். இன்ஜினுக்குப் போகும் குழாய்களில் பெட்ரோல் நிற்கும். நாளைக்கு அத்தான் நடுரோட்டில் நிற்பார்.

“பண்ணோம்,” என்றாள். “அரை நிமிஷம் ஓடியிருக்கும். அப்புறம் அதுவா நின்னுருச்சு.”

மெக்கானிக் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “சொன்னது நல்லதாப் போச்சு. அப்ப பில்டர மாத்தணும், குழாயெல்லாம் கழுவி விடணும். இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் சேத்துக்குங்க.”

அவர் சீட்டைத் தூக்கி, தரைவிரிப்பை விலக்கி, வேலையை ஆரம்பித்தார். தொட்டிக்குள் பெட்ரோலும் டீசலும் கலந்து வெளிறிய மஞ்சளாக விழுந்தது. அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். நெடியில் தலை வலித்தது.

மதியம் ஒரு மணி இருக்கும். ஆஸ்பத்திரியின் நோயாளி வேன் ஒன்று பங்குக்குள் திரும்பி வந்து அவர்களுக்குப் பக்கத்தில் நின்றது. பக்கவாட்டுக் கதவு திறந்தது. உள்ளே காலை நேராக நீட்டி, மடியில் பையும், பைக்கு மேல் ஒற்றைச் செருப்புமாக மாமியார் உட்கார்ந்திருந்தார்.

“அத்தை! எப்படி வந்தீங்க?”

“வாயால கேட்டு வந்தேன். இந்தப் பக்கம் இன்னொரு நோயாளிய ஏத்தப் போற வண்டி. மூணு மணிக்குத்தான் அந்தம்மா ரெடியாவாங்களாம். அதுவரைக்கும் சும்மாத்தானே நிக்கும், என்னையக் கொண்டுபோயி விடுங்கன்னு சொன்னேன். விட்டாங்க. எங்க அவன்?”

கொழுந்தன் நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்.

மாமியார் வரும் வழியில் இன்னொரு காரியமும் செய்திருந்தார். பெரிய மகனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார். ஐந்து நிமிடத்தில் அத்தானும் டாக்சியில் வந்து சேர்ந்தார், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க. தன் வண்டியின் பின்சீட்டு நிமிர்த்தி வைக்கப்பட்டிருப்பதையும், விரிப்பு தரையில் கிடப்பதையும், யாரோ ஒருவர் தலைகீழாக அதற்குள் குனிந்திருப்பதையும் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் கீழே கிடந்த விரிப்பை எடுத்து உதறினாள்.

“நான் கேட்டப்ப பிரச்சனை இல்லன்னு சொன்னியேம்மா!”

“அப்ப இல்ல அத்தான். அப்புறம் வந்துச்சு.”

“பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் தெரியாதா? அவ்வளவு விவரமா எழுதி அனுப்பினேனே! பதினாலு பாயிண்ட்!”

“பதினாலுல டீசல்னு எங்க இருக்கு?” என்று வேனுக்குள்ளிருந்து மாமியார் கேட்டார்.

“அது… டீசல் வண்டின்னு எல்லாருக்கும் தெரியும்மா.”

“எனக்குத் தெரியாது.”

“உனக்கு எதுக்கும்மா தெரியணும்?”

“அவளுக்குத் தெரியணுமில்ல? காகிதத்தால கண்ணாடியத் தொடைக்கக் கூடாதுன்னு எழுதத் தெரியுது.”

அத்தான் பேச்சை மாற்றி மெக்கானிக்கிடம் போனார். பில்டர் மாற்றுவதைப் பார்த்ததும் திரும்பி வந்தார். அவரும் பரிசோதகர் அல்லவா, கணக்கு உதைத்தது. “டேங்க் மட்டும்னா பில்டர் எதுக்கு? ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க. யாரு ஸ்டார்ட் பண்ணது?”

அவள் கொழுந்தனுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தாள். மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

“அத்தான்,” என்றாள். “பெட்ரோல் போட்டது நான். அது என் தப்பு, அதுல ரெண்டு பேச்சுக்கு இடமில்ல, பங்க் நோட்டுலயும் எழுதிக் குடுத்துட்டேன். ஸ்டார்ட் பண்ணது தம்பி. தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு என் தலையில ஊத்தாதீங்க. காலையில இருந்து கலந்தது போதும்.”

பதினாறு வருடத்தில் அவள் அத்தானிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

“ஏசிக்காக அண்ணா,” என்றார் கொழுந்தன், கடைசியாக. “வெயிலு.”

அத்தான் தம்பியைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. நாற்பது வருட அலுப்பு.

மெக்கானிக் புது டீசலை ஊற்றி, கையால் பம்பு அடித்து, சாவியைத் திருப்பினார். வண்டி இரண்டு முறை முரண்டு பிடித்தது. மூன்றாவது முறை வெள்ளைப் புகையாகக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். வேனுக்குள் இருந்த மாமியார் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“அரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டுங்க,” என்றார் மெக்கானிக். “ஒரு சேதமும் இல்ல. சீக்கிரமா அணைஞ்சதாலயும், உண்மையச் சொன்னதாலயும் தப்பிச்சுது.”

“அம்மா, வா, இந்த வண்டியில ஏறிக்கலாம்,” என்றார் அத்தான்.

“நான் மாட்டேன். இது ஓடுது. ஓடுற வண்டிய விட்டு யாராவது இறங்குவாங்களா? நீங்க ரெண்டு பேரும் அதுல ஊரச் சுத்திட்டு வாங்க.” மருமகளைப் பார்த்து, “நீ இதுல ஏறு,” என்றார்.

அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் ஏறினார்கள். ஜன்னல் மூடியிருந்தும் அத்தானின் குரல் பங்க் வாசல் வரை கேட்டது. அவள் வேனில் மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்: “அந்தக் குழாய எடுக்கும்போது நான்தானே போன்ல இருந்தேன்?”

“ஆமா அத்தை.”

“ம்.” பைக்கு மேல் கிடந்த ஒற்றைச் செருப்பைத் திருப்பி வைத்தார். வீட்டு வாசலில் வாக்கரை ஊன்றி இறங்கும்போது, தன் முழுப் பாரத்தையும் அவள் தோளில் போட்டு, “இரு, நீயும் பாத்து வை கால,” என்றார்.

ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் முழங்காலைக் காட்ட மாமியாரை அழைத்துப் போக வேண்டியிருந்தது. அத்தான் வண்டியைத் தருகிறேன் என்று சொல்லவில்லை, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு பங்கில் நிறுத்தினார். கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிப் போய்க் குழாய்களுக்கு முன் நின்றார். ஒன்றை எடுக்கக் கை நீட்டினார்; இழுத்துக்கொண்டார். பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி, மெஷினில் இருந்ததை மேலிருந்து கீழே வரை படிக்க ஆரம்பித்தார். பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை.

“என்ன பண்றான் இவ்வளவு நேரம்?” என்றார் மாமியார் பின்சீட்டிலிருந்து.

“படிக்கிறாரு அத்தை.”

அத்தான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் சிரிப்பு வந்த முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.